தூக்கத்தில் திடீரென்று தொண்டை அடைத்து மூச்சு உள்ளே போகவில்லை, யாருக்காவது இப்படி இருந்ததுண்டா?

குத்தாலத்து மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். என் கணவருக்காகக் கேட்கிறேன், அவருக்கு வயது 44. கடந்த ஐந்து வாரத்தில் மூன்று தடவை நடந்துவிட்டது. நல்ல தூக்கத்தில் இருக்கிறவர் திடீரென்று பாயிலிருந்து துள்ளி எழுந்து, இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் ஓடுகிறார். மூச்சை இழுக்கிறார், உள்ளே போகவில்லை. ஒரு சத்தம் மட்டும் வருகிறது, கக்குவான் இருமல் வந்த குழந்தை கடைசியில் ஒரு இழுப்பு இழுக்குமே, அந்த மாதிரி. என்ன செய்கிறது என்று கேட்டால் பேச்சு வரவில்லை, கையைத்தான் ஆட்டுகிறார். ஒரு நிமிடம் இருக்குமா, அதற்கும் குறைவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அந்த நேரத்தில் யார் கடிகாரம் பார்ப்பார்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு உள்ளே போகிறது, இருமுகிறார், வியர்த்துக் கொட்டி அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். மறுநாள் மத்தியானம் வரை குரல் கரகரவென்று இருக்கிறது, மற்றபடி ஒன்றும் இல்லை, வேலைக்குப் போய்விடுகிறார்.

முதல் தடவை நடந்தபோது என் மாமியார் இது அமுக்குவான் என்று சொல்லித் திருநீறு பூசினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அமுக்குவான் என்றால் கை கால் அசையாது, இவர் எழுந்து ஓடுகிறாரே. மறுநாள் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். போனபோது மூச்சு நன்றாகத்தான் இருந்தது, விரலில் கருவி மாட்டிப் பார்த்தார்கள், ஆக்சிஜன் 98. இ.சி.ஜி. எடுத்தார்கள், நார்மல் என்றார்கள். வீசிங் இருக்கும் என்று சொல்லி ஒரு பஃப் கொடுத்தார்கள். மூன்றாவது தடவை வந்தபோது அதை வாயில் வைத்து அழுத்தினேன், இழுக்கவே முடியாதவருக்கு மருந்து எப்படி உள்ளே போகும்? இரண்டாம் முறை போனபோது டென்ஷனால் வருகிறது என்று தூக்க மாத்திரை எழுதினார்கள். அதை நான் இன்னும் கொடுக்கவில்லை, பயமாக இருக்கிறது.

நெல் கொள்முதல் நிலையத்தில் வேலை. சம்பா அறுவடை முடிகிற வரைக்கும் ராத்திரி பகல் கிடையாது. ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு அவர் மூச்சையே கேட்டுக்கொண்டிருக்கிறேன், நான் தூங்கிப் பத்து நாள் ஆகிறது. இது என்ன? உயிருக்கு ஆபத்தா? அந்த நேரத்தில் நான் என்ன செய்ய வேண்டும்?


வெண்ணாற்றங்கரை:

தங்கச்சி, முதலில் ஒன்று. நீங்கள் எழுதியிருப்பதை வரிக்கு வரி நான் அனுபவித்திருக்கிறேன், இரண்டு வருஷம். இப்போது எனக்கு 51, உயிரோடுதான் இருக்கிறேன், போன வாரம்கூட வயலில் இறங்கி உளுந்து பார்த்துவிட்டு வந்தேன். அதனால் இன்று ராத்திரி கொஞ்சமாவது தூங்குங்கள்.

எனக்கு முதலில் வந்தது ஒரு கல்யாண வீட்டில். முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்குப் பந்தி முடிந்து, அல்வா, உருளைக்கிழங்கு போண்டா எல்லாம் வஞ்சகமில்லாமல் சாப்பிட்டுவிட்டு மண்டபத்து மாடியில் ஜமுக்காளத்தை விரித்துப் படுத்தோம். இரண்டு மணி இருக்கும். யாரோ தொண்டைக்குள் கையை விட்டு முறுக்குவது போல முழிப்பு வந்தது. மூச்சு விட முடிகிறதா இழுக்க முடியவில்லையா என்று பிரித்துப் பார்க்கிற நிலையெல்லாம் அப்போது இல்லை, செத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன், பக்கத்தில் படுத்திருந்த மச்சானை எழுப்பக்கூடக் குரல் இல்லை. அப்புறம் தானாக விட்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆண்பிள்ளை தூக்கத்தில் பயந்துவிட்டான் என்பார்களே என்று எட்டு மாதம் மறைத்தேன், அதுதான் நான் செய்த தப்பு.

நான் ஆஸ்துமா, இதயம் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். அவர் என்னைப் பேசவிட்டு முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே கேள்வி: மூச்சை இழுக்கும்போது கஷ்டமா, விடும்போது கஷ்டமா? இழுக்கும்போது என்றேன். நெஞ்சில் அடைக்கிறதா, கழுத்தில் அடைக்கிறதா? கழுத்தில், இதோ இங்கே என்று குரல்வளையைத் தொட்டுக் காட்டினேன். இது குரல்வளை இறுக்கம், லாரிங்கோஸ்பாசம் என்று சொல்வோம், உன் நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லை, வயிற்றைப் பார்ப்போம் என்றார். எனக்கு நெஞ்செரிச்சலே கிடையாதே டாக்டர் என்றேன். நெஞ்சு எரியாமலே அமிலம் மேலே வரும், காலையில் தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கிறாயா, வாயில் புளிப்பு இருக்கிறதா என்றார். இருந்தது. அதை நான் ஒரு நோயாகவே எண்ணியதில்லை.

உங்கள் வீட்டுக்காரர் ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், சாப்பிட்டு எத்தனை நேரம் கழித்துப் படுக்கிறார், இதை மட்டும் எழுதுங்கள்.


மயக்கமருந்து டாக்டர், தஞ்சாவூர்:

மயக்கவியல் மருத்துவராக இருப்பதால் இந்தக் குரல்வளை இறுக்கத்தை ஆபரேஷன் தியேட்டரில் நேருக்கு நேர் பார்க்கிறவன் நான். நோயாளியைப் பார்க்காமல் இதுதான் என்று முடிவாகச் சொல்ல மாட்டேன், ஆனால் அம்மா, நீங்கள் விவரித்த விதம் மிகவும் தெளிவாக இருக்கிறது, உங்கள் வர்ணனை எந்த மருத்துவருக்கும் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும்.

புரையேறுகிறது என்கிறோமே, யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டுவோமே, அதிலிருந்து தொடங்கினால் இது எளிதாகப் புரியும். தொண்டையில் சோற்றுக்கு ஒரு வழி, காற்றுக்கு ஒரு வழி. காற்று வழியின் வாசலில் நிற்பது குரல்வளை, அதன் நடுவில் இரண்டு குரல் நாண்கள். பேசுவதற்காக மட்டும் அவை இருப்பதாக நினைக்கிறோம், ஆனால் அவற்றின் முதல் வேலை காவல். ஒரு சொட்டுத் தண்ணீரோ உமிழ்நீரோ அமிலமோ அந்த வாசலில் பட்டால், மேல் குரல்வளை நரம்பு மூளைத்தண்டுக்குச் சேதி சொல்லும், அங்கிருந்து வேகஸ் நரம்பின் கிளை வழியாகவே கட்டளை திரும்பி வந்து நாண்கள் இரண்டும் படக்கென்று ஒட்டிக்கொள்ளும். நாம் யோசித்துச் செய்வதல்ல, கண்ணில் தூசி விழும்போது இமை மூடுவது போல. சாதாரணப் புரையேறலில் மூடும், இருமித் தள்ளும், திறந்துவிடும். குரல்வளை இறுக்கத்தில் மூடியது மூடியபடியே நின்றுவிடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் வராமல் தடுக்கப் போட்ட மதகுப் பலகை சிக்கிக்கொண்ட மாதிரி. பலகை கெட்டுப்போகவில்லை, தன் வேலையை அளவுக்கு மீறிச் செய்கிறது.

ஆஸ்துமாவில் நுரையீரலுக்குள் இருக்கும் சின்னச் சின்னக் குழாய்கள் சுருங்குகின்றன, அதனால் மூச்சை வெளியே விடும்போது விசில் சத்தம் வரும், மணிக்கணக்கில் இருக்கும், பஃப் எடுத்தால் குறையும். இங்கே வாசலே மூடுகிறது, இழுக்கும்போது சத்தம் வருகிறது, சில விநாடிகளிலிருந்து ஒரு நிமிடம், ரொம்பப் போனால் இரண்டு நிமிடம், பிறகு ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் சரியாகிவிடும். அதனால்தான் மறுநாள் கிளினிக்கில் எடுத்த எல்லாப் பரிசோதனையும் நார்மலாக வந்தது. அவர்கள் இ.சி.ஜி. எடுத்தது நல்லது, அதைக் குறை சொல்லமாட்டேன், இதயம் பலவீனமானாலும் ராத்திரியில் மூச்சு முட்டி எழுவார்கள். ஆனால் அது சட்டென்று விடாது, பல நிமிடம் உட்கார்ந்து மெல்ல மெல்லத்தான் தணியும், கால் வீக்கம், நடந்தால் மூச்சு வாங்குவது எல்லாம் கூட இருக்கும்.

அடுத்து நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி, அந்த நேரத்தில் என்ன செய்வது. மூச்சு வரவில்லை என்றதும் யாராக இருந்தாலும் வாயைத் திறந்து முழு பலத்தோடு இழுப்பார்கள். அதுதான் நிலைமையை மோசமாக்குகிறது. இரண்டு தாளை நெருக்கிப் பிடித்து நடுவில் ஊதிப் பாருங்கள், விலகுவதற்குப் பதிலாக ஒட்டிக்கொள்ளும். ஒடுங்கிய இடைவெளியில் காற்று வேகமாகப் போனால் நாண்களுக்கும் அதே கதிதான், இன்னும் நெருங்கும். ஆகவே வாயை மூடி, மூக்கால், பூவை முகர்வது போல மெல்லச் சின்னச் சின்னதாக இழுக்க வேண்டும். முகரும்போது நாண்கள் இயல்பாகவே விலகும். விடும்போது உதட்டைக் குவித்துச் சூடான காபியை ஊதுவது போல மெதுவாக விட வேண்டும். சிலர் தலைமாட்டில் இளநீர் ஸ்ட்ரா ஒன்றை வைத்துக்கொண்டு அதன் வழியாக மூச்சை இழுத்து விடுவார்கள், அதுவும் இழுக்கிற வேகத்தைக் கட்டுப்படுத்தும். தண்ணீர் கொடுக்காதீர்கள், முதுகில் குத்தாதீர்கள்.

இன்னொன்று, நாங்கள் தியேட்டரில் செய்வது. காது மடலுக்குப் பின்னால், கீழ்த்தாடை எலும்புக்கும் காதுக்குப் பின்னுள்ள எலும்பு மேட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும், விரலை வைத்தால் தட்டுப்படும். இரண்டு பக்கமும் அந்தப் பள்ளத்தின் மேல் முனையில் விரலால் உள்ளே நன்றாக அழுத்தி, தாடையை முன்னால் தள்ள வேண்டும். லார்சன் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் 1998இல் எங்கள் துறைப் பத்திரிகையில் இதைப் பற்றி எழுதிய பிறகு, அந்த இடத்துக்கே குரல்வளை இறுக்கப் பள்ளம் என்று பெயர் வந்துவிட்டது. வலிக்கும், வலிக்கத்தான் வேண்டும். வீட்டில் மூக்கால் முகர்வதுதான் முதல், அதற்குப் பிறகு இது.

உயிருக்கு ஆபத்தா என்று கேட்டீர்கள். வேறு பெரிய நோய் இல்லாத ஒருவருக்கு வீட்டில் தூக்கத்தில் வருவது அநேகமாக எப்போதுமே தானாக விட்டுவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு ஏற ஏற, அந்த இறுக்கத்தைப் பிடித்து வைத்திருக்கும் நரம்புச் செயலே தளர்ந்து போகும், நாண்கள் விலகும். ஆனால் உதடு நீலமாவது, நினைவு தப்புவது, இரண்டு நிமிடம் தாண்டியும் விடாமலிருப்பது, முகமோ நாக்கோ வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு, சாப்பிடும்போது துண்டு சிக்கியது, இதில் எது இருந்தாலும் இது அந்தக் கணக்கில் வராது, உடனே 108. அதேபோல, இறுக்கம் விட்ட பிறகும் மூச்சு வாங்கிக்கொண்டே இருந்து இளஞ்சிவப்பாக நுரை நுரையாகச் சளி வந்தால் தாமதிக்கவே கூடாது. மூடிய வாசலுக்கு எதிராக நெஞ்சு பலமாக இழுக்கும்போது நுரையீரலுக்குள் ஏற்படும் உறிஞ்சல் ரத்தக் குழாய்களிலிருந்து நீரை உள்ளே இழுத்துவிடும். தியேட்டரில் நல்ல கட்டுமஸ்தான இளைஞர்களுக்குத்தான் இதைப் பார்க்கிறோம், அவர்களுக்குத்தான் இழுக்கும் பலம் அதிகம்.

தூக்க மாத்திரையை நீங்கள் கொடுக்காதது நல்லது. குறட்டை விடுகிறாரா என்று பார்த்துவிட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கும் வரை அது வேண்டாம்.


குத்தாலத்து மருமகள்:

டாக்டர் சாருக்கும் அண்ணனுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. படித்துவிட்டு அவரையும் படிக்க வைத்தேன். கழுத்தில்தான் அடைக்கிறது, நெஞ்சில் இல்லை என்று உடனே சொன்னார், இத்தனை நாளாக இதை யாரும் கேட்கவில்லையே என்றார்.

அண்ணன் கேட்டது. சீசனில் லோடு ஏற்றிக் கணக்கு முடித்து வரப் பத்தரை, சில நாள் பதினொன்று. வந்ததும் சாப்பாடு, மத்தியானமும் சரியாகச் சாப்பிடாததால் ராத்திரி கூடுதலாகவே சாப்பிடுவார், குழம்பு காரமாக வேண்டும். சாப்பிட்டதும் வெற்றிலை சீவல். பத்து நிமிடத்தில் படுத்துவிடுவார், அசதி. பகலில் காபி ஐந்தாறு ஆகிவிடும், அங்கே வேறு என்ன இருக்கிறது. குறட்டை உண்டு. நெஞ்செரிச்சல் இல்லை என்கிறார், ஆனால் குனிந்தால் எதுக்களிக்கும் என்று நேற்றுத்தான் என்னிடம் சொல்கிறார், கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் இது எனக்குத் தெரியாது. நெல் தூசியில் நாள் முழுக்க நிற்பதால் மூக்கடைப்பும் சளியும் எப்போதும் உண்டு, அதுவும் காரணமாக இருக்குமா?


வெண்ணாற்றங்கரை:

தங்கச்சி, பத்தரை மணிக்குச் சாப்பிட்டுப் பத்து நிமிடத்தில் படுத்தால் சோறு எங்கே போகும்? நானும் அதே தப்பைத்தான் செய்தேன்.

எனக்குப் பலித்ததைச் சொல்கிறேன். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம். இது முடியாது என்று சொல்வார், நானும் சொன்னேன். அப்புறம் தூக்குவாளியில் ஆறரை ஏழு மணிக்கே சாப்பாடு வேலை செய்கிற இடத்துக்கு வந்துவிட்டது, வீட்டுக்கு வந்தால் பசித்தால் ஒரு டம்ளர் கஞ்சி, அவ்வளவுதான். அடுத்தது படுக்கை. கட்டிலின் தலைமாட்டுக் கால் இரண்டுக்கும் அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்தினேன். தலையணையை அடுக்குவதால் பிரயோஜனம் இல்லை, கழுத்து மடங்கி வயிறும் மடங்கி அமுங்கி இன்னும் எதுக்களிக்கும், முதுகு முழுதும் சரிவாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் பாயில் படுக்கிறவர் என்றால் தச்சரிடம் சொல்லிச் சாய்வுப் பலகை ஒன்று செய்யுங்கள், இடுப்பிலிருந்து தலை வரை சரிவு. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள், அப்படிப் படுத்தால் இரைப்பை கீழே இருக்கும், அமிலம் மேலே ஏறாது. டாக்டர் எனக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் மூன்று மாதம் கொடுத்தார், அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும், சாப்பிட்ட பிறகு போட்டால் பாதிப் பலன்தான். ஆறு வாரம் வரை ஒன்றும் குறையவில்லை, விட்டுவிடலாம் என்று இருந்தேன், விடாதீர்கள். வெற்றிலையோடு புகையிலையும் போடுகிறவர் என்றால் அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.


மயக்கமருந்து டாக்டர், தஞ்சாவூர்:

அண்ணன் சொன்னது எல்லாமே சரி. தூக்கத்தில் நாம் எச்சில் விழுங்குவது வெகுவாகக் குறைந்துவிடும், எச்சில் சுரப்பதும் குறையும், அதனால் மேலே வந்த அமிலத்தைக் கழுவிக் கீழே அனுப்ப ஆள் இல்லை. ராத்திரியில் வருவதற்கு இதுதான் காரணம். தூசி பற்றி: மூக்கின் பின்பக்கமாகச் சளி தொண்டையில் வழிந்தால் குரல்வளை எப்போதும் எரிச்சலில் இருக்கும், அப்படி இருக்கிற குரல்வளைக்குச் சின்னத் தூண்டுதலே போதும். தூற்றுகிற இடத்தில் மூக்கையும் வாயையும் மூடுகிற நல்ல முகக்கவசம் போடச் சொல்லுங்கள், துண்டு போதாது. குறட்டையை அலட்சியப்படுத்தாதீர்கள், மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கவனியுங்கள். தூக்கத்தில் மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு நெஞ்சுக்குள் உறிஞ்சல் அதிகமாகி அமிலமும் மேலே இழுக்கப்படும், அப்படியானால் தூக்கப் பரிசோதனை ஒன்று தேவைப்படும்.


பட்டுக்கோட்டை அக்கா:

இதைப் படிக்கிற எல்லோரும் வயிறுதான் காரணம் என்று முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எனக்குத் தைராய்டு ஆபரேஷன் ஆன இரண்டாம் நாள் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வது போல இருந்தது. படுத்தே இருப்பதால் மரத்துப்போகிறது என்று நினைத்து நர்ஸிடம் சொல்லவில்லை. சாயங்காலம் கை தானாக மடங்கி இழுத்துக்கொண்டது, கொஞ்ச நேரத்தில் தொண்டை இறுகி, மூச்சை இழுக்கும்போது அதே மாதிரி சத்தம். ஓடி வந்து நரம்பில் கால்சியம் ஏற்றினார்கள், அடங்கியது. தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு சுரப்பி இருக்கிறதாம், பாராதைராய்டு, ரத்தத்தில் கால்சியத்தைக் காப்பது அவைதானாம். ஆபரேஷனில் அவை அடிபட்டாலோ ரத்த ஓட்டம் குறைந்தாலோ கால்சியம் இறங்கித் தசைகள் தாமாகவே இழுத்துக்கொள்ளுமாம். தைராய்டு எடுத்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், விரல் மரத்தால் உடனே வாயைத் திறந்து சொல்லுங்கள். நான் சொல்லாமல் இருந்த அந்த ஆறு மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.


திருவையாறு அம்மா:

டாக்டர் சார், நீங்கள் இருப்பதால் கேட்கிறேன். என் பையனுக்கு ஆறு வயது, அடுத்த வியாழக்கிழமை டான்சில் ஆபரேஷன் நாள் குறித்திருக்கிறார்கள். நான்கு நாளாகச் சளி, இருமல், லேசான காய்ச்சல். லீவு எல்லாம் போட்டாகிவிட்டது, ஊரிலிருந்து அம்மா வந்துவிட்டார்கள், இதைச் சொன்னால் தள்ளிப்போட்டுவிடுவார்களே என்று யோசிக்கிறேன்.


மயக்கமருந்து டாக்டர், தஞ்சாவூர்:

அம்மா, கட்டாயம் சொல்லுங்கள், இன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள். மயக்கத்தில் குரல்வளை இறுக்கம் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு அதிகம், சளி பிடித்த குழந்தைக்கு இன்னும் அதிகம். சளி போன பிறகும் இரண்டு வாரத்துக்குக் குரல்வளை தொட்டால்சிணுங்கி போலத்தான் இருக்கும். அதிலும் டான்சில் என்பது ரத்தமும் எச்சிலும் குரல்வளைக்குப் பக்கத்திலேயே சேருகிற ஆபரேஷன், மயக்கம் தெளியும் நேரத்தில், குழாயை எடுக்கும் அந்தச் சில நிமிடங்களில், அந்தப் பக்கமிருந்து ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் மூடிக்கொள்ளும். அதைச் சமாளிக்க எங்களிடம் வழி உண்டு. முகமூடியை இறுக்கி வைத்து அழுத்தத்தோடு ஆக்சிஜன் கொடுப்போம், தாடையைத் தூக்குவோம், மயக்கத்தை ஆழப்படுத்துவோம், கடைசியில் தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் ஊசி இருக்கிறது, ஒரு நிமிடத்துக்குள் நாண்கள் விலகிவிடும். ஆனால் பெரியவர் ஒருவருக்கு இருக்கிற ஆக்சிஜன் இருப்பு குழந்தைக்கு இல்லை, விறுவிறுவென்று இறங்கும். அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதில் ஒரு நஷ்டமும் இல்லை. வீட்டில் யாராவது பீடி சிகரெட் பிடித்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அந்தப் புகையைச் சுவாசிக்கும் குழந்தைகளுக்கும் இது அதிகம்.


கொள்ளிடக்கரை:

ஆற்றில் மூழ்கினவனுக்கும் இதுவேதான் நடக்கிறதா? ஆடிப் பெருக்கு சமயத்தில் எங்கள் பக்கம் வருஷம் தவறாமல் யாராவது புது ஆள் ஆழம் தெரியாமல் இறங்கிவிடுகிறார். கரைக்குத் தூக்கி வந்ததும் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, இதைத்தான் பெரியவர்கள் செய்து பார்த்திருக்கிறேன்.


மயக்கமருந்து டாக்டர், தஞ்சாவூர்:

ஆமாம், தண்ணீர் குரல்வளையில் பட்டதும் முதலில் இதே மூடல்தான் நடக்கும், பிறகு ஆக்சிஜன் குறைந்து நாண்கள் தளரும்போது தண்ணீர் உள்ளே போகும். வயிற்றை அமுக்குவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அமுக்கினால் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும், அதோடு பொன்னான நேரமும் போய்விடும். அவருக்குத் தேவை மூச்சு. மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்துத் தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து முதலில் ஊதுங்கள், நெஞ்சு எழும்புகிறதா என்று பாருங்கள், இரண்டிலிருந்து ஐந்து தடவை. அசைவோ இயல்பான மூச்சோ இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று 108 வரும் வரை விடாமல் தொடருங்கள். உங்கள் கரையில் இருக்கிற இளைஞர்கள் நாலு பேராவது ஆடி வருவதற்குள் இதைப் பழகிக்கொள்ள வேண்டும், ஒரு மத்தியானம் போதும்.


குத்தாலத்து மருமகள்:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், இடையில் விசாரித்து எழுதிய எல்லோருக்கும் நன்றி. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினோம். மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாய் விட்டுப் பார்த்தார், குரல் நாணின் பின்பக்கம் சிவந்து தடித்திருப்பதை எங்களுக்கும் திரையில் காட்டினார். நாண்கள் அசைவது நன்றாக இருக்கிறது, கட்டி எதுவும் இல்லை என்றார். அமிலத்துக்கு மாத்திரை, மூக்குக்கு ஸ்ப்ரே. குறட்டைக்குப் பரிசோதனை சொல்லியிருக்கிறார், சீசன் முடிந்ததும் போகிறோம்.

சாப்பாட்டை ஏழு மணிக்கே பெரிய பையன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறான். சாய்வுப் பலகை செய்தாகிவிட்டது, முதல் இரண்டு ராத்திரி வழுக்கி வழுக்கிக் கீழே வந்தார், பாய்க்கு அடியில் சாக்கு விரித்த பிறகு நின்றது. வெற்றிலையை விடமாட்டேன் என்கிறார், புகையிலை கிடையாது, சாப்பிட்ட உடனே போட்டுக்கொள்கிறார், படுக்கும்போது வாயைக் கொப்பளித்துவிட்டுப் படுக்கிறார். அவ்வளவுக்கு இறங்கி வந்ததே எனக்குப் பெரிது. காபியை இரண்டாகக் குறைத்திருக்கிறார்.

நடுவில் ஒரே ஒரு தடவை வந்தது, மூன்றாவது வாரம், ஒரு விசேஷ வீட்டில் லேட்டாகச் சாப்பிட்ட ராத்திரி. எழுந்தார். ஓடவில்லை. நான் அவர் முதுகில் கை வைத்து, வாயை மூடுங்கள், மூக்கால், பூ வாசனை பிடிக்கிற மாதிரி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், என் குரல் நடுங்கியது, ஆனாலும் சொன்னேன். இந்தத் தடவை கடிகாரம் பார்த்தேன். இருபது விநாடி. அப்புறம் மூச்சு போனது, எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். விடிகிற வரை இரண்டு பேரும் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தோம். மாமியார் எழுந்து வந்து திருநீறு பூசிவிட்டுப் போனார்கள், அதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.